குருவிநத்தத்தில் ஒரு பவர் ஹவுஸ்

தையு,

உன் ரயில் கிளம்பி ஐந்து நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை நம் கூடத்தின் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்து, பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தரம் கையில் முறத்தோடு வந்து நின்று, புடைக்கிறமாதிரி வெறும் முறத்தை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். இதுவரை படித்ததும் நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் எனக்கே கை நிற்கவில்லை. பதினெட்டு வருஷமாக அடுப்புச் சாம்பலிலும் ஈர மணலிலும் எழுதி உடனே அழித்துப் பழகிய கை இது. அழிக்க வேண்டாம் என்று ஆனதும் எங்கே தொடங்குவது என்று அதற்குப் புரியவில்லை.

உனக்குப் பாதி தெரியும், மீதியையும் இப்போது தெரிந்துகொள். என்னைப் பெண் பார்க்க வில்லியனூருக்கு வந்தவர்கள் நிறமோ நகையோ முதலில் கேட்கவில்லை. பெண்ணுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. உன் பெரியப்பாவின் முதல் மனைவி எழுதத் தெரிந்தவள். வந்த இரண்டாம் வருஷம் அவள் தன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதைப் பார்த்துவிட்டு அவளுடைய அண்ணன்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போனார்கள். அவள் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எழுத்து தெரிந்த மருமகள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கன்னியாஸ்திரீகளிடம் ஐந்து வருஷம் தமிழும் பிரெஞ்சும் படித்திருந்த என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் அப்பா, பெண்ணுக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று சொன்னார். எனக்கு வயது பதினைந்து. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நாள்தோறும் நான் சொன்னேன்.

நீ பிறந்தபோது எனக்குப் பதினாறு. அதனால்தானோ என்னவோ உன்னை வளர்த்தேன் என்பதைவிட உன்னோடு வளர்ந்தேன் என்றுதான் எனக்குத் தோன்றும். மளிகை சுற்றி வந்த காகிதத்தை மாட்டுக்கொட்டகையில் வைத்து நான் படித்துக்கொண்டிருந்ததை நீ கண்டுபிடித்தபோது உனக்கு எட்டு வயது. கத்திவிடுவாய் என்று பயந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காகிதத்தின் கிழிந்த ஓரத்தைத் தொட்டு, "இதுக்கு அப்பறம் இன்னா ஆச்சும்மா?" என்று மட்டும் கேட்டாய். கிழிந்துபோன பாகத்தை அன்றைக்கு நாம் இரண்டு பேருமாக இட்டுக்கட்டினோம். அதன்பிறகு நம் வீட்டுக்கு வந்த ஒரு பொட்டலமும் கசங்கியபடி வெளியே போனதில்லை.

உன் தம்பி காய்ச்சலில் இறந்துபோன வருஷம்தான் நீ படிப்பைப் பற்றி அப்பாவிடம் முதன்முதலாக வாய் திறந்தாய். பாகூர் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் படிப்பு முடிந்திருந்தது. சென்னையில் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கும் வேலை, சாக்கடையும் தண்ணீரும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை என்று உன் ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். கடலூரில் பரீட்சை. முழுக்க இங்கிலீஷில். பட்டணத்து வாழ்க்கையையும் பட்டணம் வளர்வதையும் பற்றி எழுத வேண்டும், பேச வேண்டும். உனக்கு இங்கிலீஷில் பத்து வார்த்தை தெரியாது. பட்டணம் என்று நீ பார்த்தது புதுச்சேரிக் கடைத்தெரு ஒன்றுதான். அப்பா தம்பியின் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தேறினா போ. தேறலன்னா ஐப்பசில அரியாங்குப்பத்துப் பையனுக்குக் கழுத்த நீட்டணும். அதுக்கப்பறம் இன்னா பேச்சும் கெடையாது." பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது.

அந்த ஆறு மாதத்தைப்போல என் ஆயுசில் இன்னொரு காலம் வந்ததில்லை, தையு. ஆசிரியை கொடுத்த பழைய படப்புத்தகமும் முதுகு பிய்ந்த அகராதியும்தான் நமக்கு வாத்தியார். ரோமன் எழுத்து எனக்குப் பிரெஞ்சால் பழக்கம் என்பதால் இங்கிலீஷ் எனக்குத் தூரத்து உறவுக்காரன்போல இருந்தது. முகம் தெரிகிறது, குரல்தான் வேறு. அப்பா கழனிக்குப் போனதும் நாம் தொடங்குவோம். டிராம். டிரெயினேஜ். பேவ்மென்ட். சபர்ப். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் நாம் பார்த்திராத ஒரு பொருள் நின்றுகொண்டிருந்தது. மனிதர்கள் நடப்பதற்கென்று தெருவோரத்தில் தனியாக ஒரு மேடை கட்டுவார்களாம் என்று படித்த அன்று நான் அரிசி களைவதை விட்டுவிட்டு யோசித்தேன். அப்படியானால் நடக்கிறவர்களைப் பற்றி யாரோ ஒருவர் உட்கார்ந்து நினைத்திருக்கிறார்! பட்டணம் என்பது தானாக முளைத்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அழுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும், விளக்குக் கம்பம் எத்தனை அடிக்கு ஒன்று நிற்க வேண்டும், பிள்ளைகள் விளையாட எவ்வளவு இடம் விட வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு மேல் மூச்சு வாங்கியது.

ஆனால் வார்த்தைகள் நிற்கவில்லை. காலையில் படித்தது சாயங்காலம் போய்விடும். அப்போதுதான் எனக்கு அந்தப் பைத்தியக்கார யோசனை வந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றின் நடுத்தாளில் குருவிநத்தத்தை வரைந்தேன். நம் தெரு, பெண்ணையாறு, வாய்க்கால், கரும்புத் தோட்டம், எல்லாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டணத்துப் பெயர் கொடுத்தோம். வடக்கே பாகூர் ஏரிக்கு ரிசர்வாயர். வாய்க்கால் மதகுக்கு வாட்டர் ஒர்க்ஸ். பரிசல் துறைக்கு ஹார்பர். வண்டிகள் அவிழ்த்துப் போடும் புளியமரத்தடிக்கு டெர்மினஸ். வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைக்கு என்ன என்று கேட்டேன். ராத்திரி பகலாக நெருப்பு எரிகிற இடம்தானே என்று நீ பவர் ஹவுஸ் என்றாய். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு வார்த்தைகள் மறக்கவே இல்லை. களை பறிக்கப் போகும்போது மதகைத் தாண்டினால் நாக்கு தானாக வாட்டர் ஒர்க்ஸ் என்றது. படம் என்னுடையது. பெயர்கள் எழுதிய கையும் பெரும்பாலும் என்னுடையதே. உன் எழுத்து ஓரங்களில் கொஞ்சம்தான்.

இனி நான் சொல்லப்போவதை நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பரீட்சைக்குப் பெரியப்பா வண்டி ஓட்டினார். அப்பாவுக்குக் கரும்பு வெட்டு. ஆற்றில் தண்ணீர் வற்றி மணலாகக் கிடந்ததால் நேராக இறங்கி அக்கரை ஏறினோம். அங்கே பிரெஞ்சு எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி. யுத்தம் தொடங்கிச் சில மாதமே ஆகியிருந்தது. முன்பெல்லாம் துணியும் சீமைச் சரக்கும் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்தவர்கள் இப்போது காகிதத்தையும் பார்த்தார்கள். நாமோ சாவடியைத் தாண்ட வேண்டுமென்றால் துணி மூட்டையையும் நகையையும் மட்டும் நினைத்துப் பழகியவர்கள். வரிக்குரிய சாமான் ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில் நோட்டை மூட்டைக்கு மேலேயே வைத்திருந்தேன். அந்த அதிகாரி அதைப் புரட்டினார். ஹார்பர், பவர் ஹவுஸ், ரிசர்வாயர், பிரிட்ஜ், அவற்றுக்கிடையே நாம் அடி கணக்கில் எழுதிவைத்த தூரம். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"குருவிநத்தத்துல பவர் ஹவுஸ் எங்க இருக்கு?" என்று பெரியப்பாவைக் கேட்டார்.

பெரியப்பாவுக்குக் கேள்வி விளங்கவே இல்லை. "எங்க ஊர்லயா? வெளக்கெண்ண வெளக்கே காத்துல நிக்க மாட்டேங்குதுங்க" என்றார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. எந்த ஊரில் எதை உடைப்பதற்கு யார் வரைந்த படம் இது என்கிறமாதிரி அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, இது நீங்க எழுதினதா? எழுதத் தெரியுமா?" என்றார்.

ஐந்தடி தூரத்தில் பெரியப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான், "தெரியாதுங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்துப் பழக்கம் எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள நிறைய நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை. நீ ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுச் சாவி இருக்கிறதா என்று சரிபார்க்கிறமாதிரி பார்த்துவிட்டு, "நான்தான் எழுதினேன்" என்று சொல்லி முன்னால் போய் நின்றாய். அவர் உன்னை ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னார். நீ உன் எழுத்தை விட்டுவிட்டு என் எழுத்தை எழுதினாய், தையு. என் வளைவு, என் சாய்வு, என் கொக்கி. உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் நான்தான் என்பதால் உன்னால் முடிந்தது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவர் இங்கிலீஷில் கேட்க ஆரம்பித்தார். நீ அந்தப் படத்தின்மேல் விரலை ஓட்டி ஊரையே சொன்னாய். இது மதகு, ஆனால் வாட்டர் ஒர்க்ஸ் என்று வைத்துக்கொண்டோம். இது பரிசல் துறை, ஆனால் ஹார்பர். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் நிறுத்தவில்லை. வண்டிக்காரர்கள் வட்டமாக நின்று, ஒரு வார்த்தை புரியாமல், கூத்து பார்க்கிறமாதிரி கேட்டார்கள். கடைசியில் அவர், எல்லாம் இருக்கிறது, உன் பட்டணத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரி இல்லை, அதனால்தான் போகிறேன் என்றாய். அவர் போகச் சொன்னார். நோட்டை மட்டும் மேலே காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். நீ பரீட்சைக் கூடத்துக்குக் கடைசி ஆளாக ஓடினாய். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஐப்பசியும் அரியாங்குப்பமும் நம் தலையில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் அதற்குக் காரணம் என் ஒரு வார்த்தை.

நீ தேறினாய். சேதி வந்த கடிதத்தை நீதான் பிரித்துப் படித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னாய். அவர் அதை நிலப்பத்திரங்களோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டினார். எனக்குக்கூடக் காட்டவில்லை. எழுத்து தெரியாதவளுக்கு எதற்குக் காட்டுவது? ஊருக்கெல்லாம் வெல்லம் கொடுத்தோம். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் நீ சேலை மடிப்பதையும் பெட்டி கட்டுவதையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாவடி ஞாபகம் வரும். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை அருகில் வந்தேன். வந்து, மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனேன்.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில் உன்னை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய நாளுக்கு வருகிறேன். அப்பா, பெரியப்பா, நான். ஆற்றங்கரையில் அதே சாவடி, அதே அதிகாரி. பெரியப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, பவர் ஹவுஸ் பெண் பாஸ் ஆயிற்றா என்று கேட்டார். சென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டு வருகிறோம் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நல்லது என்று அவர் கையைக் காட்டிவிட்டார். மாடு இரண்டடி எடுத்து வைத்தது. நான் வண்டியிலிருந்து குதித்துவிட்டேன். குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், முட்டியில் சிராய்ப்பு இன்னும் காயவில்லை.

"அந்த நோட்டு எனக்கு வேணுங்க" என்றேன். "அதுல இருக்கறது என் கையெழுத்து."

"அன்னிக்கு எழுதத் தெரியாதுன்னீங்களே?"

"பொய் சொன்னேங்க."

அவர் உள்ளே போய், அலமாரியில் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். மேலே யாருக்கும் காட்டவில்லைபோலிருக்கிறது. கொடுக்காமல் கையிலேயே விரித்துப் பிடித்துக்கொண்டு, "படிங்க பாக்கலாம்" என்றார். நான் படித்தேன். ரிசர்வாயர் என்று மெதுவாகத் தொடங்கினேன். டெர்மினஸ் வந்தபோது வேகம் வந்துவிட்டது. பவர் ஹவுஸ் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. நோட்டைக் கொடுத்து, பெண் நன்றாகப் பேசினாள் என்றார். திரும்பிப் பார்த்தேன். அப்பா வண்டியில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஆற்று மணலைத் தாண்டியது. இக்கரை ஏறியதும் பெரியப்பா திரும்பாமல், மாட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "மொதல்ல வந்தவ அன்னிக்கு எழுதன கடுதாசில இன்னா இருந்துச்சின்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. எனக்கும் படிக்கத் தெரிஞ்சிருந்தா வாங்கிப் படிச்சிருப்பேன்." அவரைப் பார்த்துப் பயந்தே பதினெட்டு வருஷம் போய்விட்டது. அவருக்கு என்ன வருத்தம் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்பாவுடைய கோபம் மறுநாள் காலையில்தான் வந்தது. நீ நினைக்கிற கோபம் இல்லை. "பொண்ணு படிச்சி வர்ற வரைக்கும் ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு சீப்பு வாழப்பழம் எடுத்துக்கினு கொம்யூன் ஆபீசுக்கு ஓடனேன்டி. அந்தக் குமாஸ்தா நாற்காலில சாஞ்சிக்கினு பழத்தத் தின்னுட்டுப் படிப்பான், நான் நின்னுக்கினே இருப்பேன். வூட்லயே கெடந்துருக்கு படிப்பு." அவர் பெட்டியைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் என் முன்னால் கொட்டினார். மேலே இருந்தது நீ தேறிய சேதி வந்த கடிதம். அதை எடுத்துக் கொடுத்து, "மொதல்ல இத்தப் படி" என்றார்.

படித்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நான்கு வெள்ளைச் சேலை, ஒரு தகரப் பெட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், எல்லாம் வாங்கியாயிற்று என்று. அடுத்த வரிக்கு வந்தேன். மாணவிகள் தினமும் சந்துகளிலும் சாக்கடை ஓரங்களிலும் நடக்க வேண்டியிருப்பதால் ஒரு ஜோடி மூடிய சப்பாத்து கட்டாயம் கொண்டுவர வேண்டும். அப்பாவின் தலையாட்டல் நின்றது. "இத்த அது சொல்லலியே" என்றார்.

நீ சொல்லவில்லை. படித்தாய், தாண்டிப் போனாய். நான்கு சேலையே அதிகம், இதற்குமேல் அப்பாவைக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன், தையு. தெரிந்ததை மறைத்து, மறைத்ததை யாரும் கண்டுபிடிக்காதபடி முகத்தை வைத்துக்கொள்வது. அதை நீ யாரிடம் படித்தாய்? எழுத்தை மட்டும் நான் உனக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு. தெரியாததைத் தெரியாது என்று பட்டணத்தில் எவரிடமும் சொல், கூச்சப்படாதே. தெரிந்ததைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. ஒரு வீட்டுக்குள் போய், அங்கே தண்ணீர் கெட்டிருப்பதைப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் முழுசாகச் சொல். பாதி சொல்வதால் யாருக்கும் பாரம் குறைவதில்லை. நான் பதினெட்டு வருஷம் குறைத்துப் பார்த்தேன்.

கேட்க எனக்கு ஆயிரம் இருக்கிறது. பேவ்மென்ட்மேல் நடந்தாயா? நாம் நினைத்த உயரம்தானா? டிராம் ஓடும்போது நிஜமாகவே மணி அடிக்கிறார்களா? புத்தகத்தில் இல்லாத புது வார்த்தைகள் என்னென்ன? பத்து நாளைக்கு ஒருமுறை அனுப்பு. கடிதத்தை என் பெயருக்கே போடு. இப்போது பெரியப்பாவும் சாயங்காலம் வந்து, வாசற்படியில் தள்ளி உட்கார்ந்து, என்ன சேதி என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இதோடு இரண்டு வெள்ளைத் தாள் மடித்து வைத்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் சப்பாத்து தைக்கிறவரிடம் அப்பா பேசிவிட்டு வந்தார், உன் கால் அளவு என்ன என்று அவர் கேட்டபோது பதில் தெரியாமல் நின்றாராம். வீட்டுக்கு வந்து, உன் பழைய பாவாடைகளைக்கூட எடுத்துப் பார்த்தார், கால் அளவு அதில் எங்கே இருக்கும்? தாளைத் தரையில் போட்டு, ஒன்றில் வலது பாதம், ஒன்றில் இடது பாதம் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அடுத்த தபாலிலேயே அனுப்பு. நான் இதை எழுதும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதச் சொல்கிறார்: "நின்னுக்கினு வரையச் சொல்லு. ஒக்காந்து வரைஞ்சா அளவு கொறஞ்சிடும்."

உன் அம்மா